சண்டைப் படம் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

குத்துச்சண்டையையோ, குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த எம்எம்ஏவையோ வைத்துக் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கிளைமாக்ஸிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். நாயகன் அடி வாங்குகிறான், விழுகிறான், எழுகிறான், ஜெயிக்கிறான், கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. சரி, கைதட்டல் கிடைக்கும். ஆனால் பார்க்கிறவர் கண் ஏன் கலங்க வேண்டும்? வெளியே பேசித் தீர்க்க முடியாத ஏதோ ஒன்று அந்த நான்கு கயிறுகளுக்குள் தீர்ந்தால்தான் தொண்டை அடைக்கும். அந்த 'ஏதோ ஒன்று' என்னவென்று தெரியாமல் எழுதுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

கேவின் ஓ'கானர் இயக்கி 2011இல் வந்த 'வாரியர்' படத்தை எடுத்துக்கொள்வோம். இந்த வகையில் என்னை இவ்வளவு உலுக்கிய படம் வேறு இல்லை. குடிகார அப்பாவால் சிதறிய குடும்பம். தம்பி டாமி சிறுவயதிலேயே அம்மாவோடு ஓடிப்போகிறான். அண்ணன் பிரெண்டன், தான் காதலித்த பெண்ணுக்காக அங்கேயே தங்கிவிடுகிறான். அம்மா நோயில் சாகும்போது பக்கத்தில் இருந்தவன் தம்பி மட்டும். பல வருடம் கழித்து, ஒருவருக்கொருவர் தெரியாமலேயே இருவரும் ஒரே எம்எம்ஏ போட்டியில் சேர்கிறார்கள். பரிசு 50 லட்சம் டாலர். அண்ணனுக்கு வீடு ஏலத்துக்குப் போகாமல் இருக்கப் பணம் வேண்டும், தம்பிக்குப் போரில் இறந்த நண்பனின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். காரணம் இரண்டுமே நியாயம். ஆனால் இறுதிச் சண்டையில் அவர்கள் மோதுவது பணத்துக்காக இல்லை. "நீ ஏன் எங்களோடு வரவில்லை?" என்ற கேள்வியைத் தம்பி கைமுட்டியால் கேட்கிறான்.

வெற்றியையே உணர்ச்சி என்று நினைப்பது அடுத்த தவறு. 1976இல் வந்த குத்துச்சண்டைப் படமான 'ராக்கி'யில் நாயகன் ராக்கி தோற்கிறான். சண்டைக்கு முந்தின இரவு அவன் அரங்குக்குத் தனியாகப் போகிறான். அங்கே தொங்கும் பெரிய படத்தில் அவனுடைய டிரவுசரின் நிறம் மாறியிருக்கிறது. போட்டி நடத்துகிறவரிடம் சொன்னால், அதனால் என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி சிரித்துவிட்டுப் போகிறார். நிறத்தைக்கூடச் சரிபார்க்காத அளவுக்குத்தான் இவன் அவர்களுக்கு முக்கியம். வீட்டுக்கு வந்து காதலி ஆட்ரியனிடம் சொல்கிறான்: எதிராளியை என்னால் ஜெயிக்க முடியாது, 15 ரவுண்டும் தாக்குப்பிடித்து நின்றால் போதும். அந்த நிமிடத்திலிருந்து நமக்கும் அதுதான் வேண்டும். கடைசியில் நடுவர்களின் பாயின்ட் முடிவை அறிவிக்கும்போது ராக்கி அதைக் காதில்கூட வாங்குவதில்லை, ஆட்ரியன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறான். கதாபாத்திரம் எதை வெற்றி என்று நினைக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பாயின்ட் யாருக்குப் போனால் என்ன?

விளையாட்டின் விதியைத் தெரிந்துகொள்ளாமல் எழுதுவதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன். இணையத்தில் நாலு சண்டையைப் பார்த்துவிட்டு 'குத்து, தடு, திருப்பிக் குத்து' என்று காட்சி அமைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு தனி இலக்கணம் உண்டு, உணர்ச்சி அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. குத்துச்சண்டையில் ரவுண்டுக்கு ரவுண்டு ஒரு நிமிட ஓய்வு, மூலையில் ஒரு ஸ்டூல், காதருகே கோச்சின் குரல். விழுந்தவனுக்குப் பத்து வரை எண்ணுவார்கள், தன் ஆள் இனி தாங்கமாட்டான் என்று தெரிந்தால் சண்டையை நிறுத்தச் சொல்லி கோச் துண்டை வீசுவார். எம்எம்ஏவில் வேறு மாதிரி. பிடியில் சிக்கியவன் 'போதும்' என்று தன் கையாலேயே தட்ட வேண்டும். தோல்வியை அவனே ஒப்புக்கொள்கிற அந்தத் தட்டல் குத்துச்சண்டையில் இல்லை.

'வாரியர்' இறுதிக்காட்சி முழுக்க இந்தத் தட்டலை நம்பித்தான் நிற்கிறது. மூன்றாவது ரவுண்டில் டாமியின் தோள்மூட்டு விலகிவிடுகிறது. அதற்கப்புறம் அவன் ஒற்றைக் கையோடு சண்டை போடுகிறான். அண்ணனோ நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறான், கெஞ்சிக்கொண்டே அடிக்கவும் வேண்டியிருக்கிறது. கடைசி ரவுண்டில் பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டிப் பிடித்துக்கொண்டு, மன்னித்துவிடு டாமி, எனக்கு உன்மேல் பாசம் இருக்கிறது என்கிறான். படம் முழுக்க யாருக்கும் இறங்கிவராத டாமி, அண்ணன் மேல் லேசாகத் தட்டுகிறான். கழுத்தை நெரிக்கும் பிடிதான், ஆனாலும் பார்க்கிறவர்களுக்குக் கட்டிப்பிடித்த மாதிரியே தெரிகிறது. எழுதியவருக்கு இந்த விளையாட்டு தெரியாமல் இருந்திருந்தால் இப்படி ஒரு காட்சி வந்தே இருக்காது. படமும் அங்கேயே முடிந்துவிடுகிறது. கோப்பையும் இல்லை, காசோலையும் இல்லை.

எதிராளியை அரக்கனாக்குவது நம் பக்கம் நிறையவே நடக்கிறது. ஆனால் 2021இல் பா. ரஞ்சித் இயக்கிய குத்துச்சண்டைப் படமான 'சார்பட்டா பரம்பரை'யில் எதிரணிக்காரனான டான்சிங் ரோஸைப் படம் வந்த கையோடு ஜனங்கள் கொண்டாடினார்கள். அவனுடைய கால்வேகம், ரிங்குக்குள் அவன் காட்டும் குறும்பு, அந்த ஆட்டத்தில் அவனுக்கு இருக்கும் பிரியம் எல்லாம் சேர்ந்துதான் நாயகன் கபிலனின் வெற்றிக்கு மதிப்புக் கொடுக்கின்றன. அதே படத்தில் கபிலனுக்கு விழுந்த பெரிய அடி ஒரு குத்தே கிடையாது. இன்னொரு எதிராளியான வேம்புலியை ஜெயிக்கப்போகிற நேரத்தில் கலாட்டாவில் ரிங்குக்குள் புகுந்து அவன் உடையை உருவுகிறார்கள். எழுபதுகளின் வடசென்னையில் சுயமரியாதையைக் கையுறையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தவனுக்கு அதைவிடப் பெரிய நாக்-அவுட் இல்லை. உடம்பு வலியை மட்டும் எழுதிவிட்டு அவமானத்தை விட்டுவிடுகிறவர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஃப்ளாஷ்பேக். 'வாரியர்' படத்தை 2015இல் இந்தியில் 'பிரதர்ஸ்' என்று ரீமேக் செய்தார்கள். மூலப்படத்தில் சகோதரர்களின் சிறுவயது ஒரு ஷாட்கூட கிடையாது. அப்பா என்ன செய்தார் என்பதை மகன்களின் முகத்தை வைத்தே புரிந்துகொள்கிறோம். குடியை விட்டு ஆயிரம் நாள் ஆகப்போகிறது என்று சொல்லிக்கொண்டு பெரியவர் வந்து நிற்கும்போது, பிரெண்டன் அவரை வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. அது போதும். இந்தியிலோ அப்பாவின் போதை, அம்மாவின் சாவு என்று எல்லாவற்றையும் நீளமாகக் காட்டிவிட்டார்கள். நடுவில் ஒரு கவர்ச்சிப் பாட்டு வேறு. நடந்ததையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு நாமாக ஊகித்துத் துடிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

பயிற்சிக் காட்சிகளைப் பாட்டில் ஓட்டிவிடுவதும் ஒரு தவறுதான். சின்னச் சின்னக் காட்சிகளை அடுக்கிக் காட்டும் மாண்டாஜ் வைக்கலாம், ஆனால் அது எதையாவது சொல்ல வேண்டும். 'வாரியர்' திரையைக் கூறுபோட்டு அண்ணன், தம்பி இருவரின் பயிற்சியையும் ஒரே நேரத்தில் காட்டும். யார் யாருடைய நிழலில் வளர்கிறார்கள் என்பது வசனம் இல்லாமலே தெரியும்.

பெண் பாத்திரங்களைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்து அழவிடுவதும் அலுத்துப்போன பழக்கம். 'சார்பட்டா'வில் கபிலனின் மனைவி மாரியம்மா திட்டுவாள், சண்டை போடுவாள், தன் வாழ்க்கை எங்கே போகிறது என்று நேருக்கு நேர் கேட்பாள். கபிலன் சரிகிறபோது எதை இழக்கிறான் என்பது அவளைப் பார்த்துத்தான் நமக்கு உறைக்கிறது.

கடைசியாக, வர்ணனையாளர்கள். இதில் எனக்குப் பிடித்த 'வாரியர்' படமே கோட்டைவிட்டிருக்கிறது. நாம் பார்த்துக்கொண்டிருப்பதையே அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ரஷ்ய வீரன் கோபாவும் மனிதனாக இல்லாமல் வெறும் இயந்திரமாக வந்துபோகிறான். உங்கள் திரைக்கதையில் மைக் பிடித்தவர் பேசும் வரிகளை எல்லாம் அடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். சண்டை புரிகிறது என்றால் அவர்களை அப்படியே வெளியே அனுப்பிவிடலாம். புரியவில்லை என்றால் வர்ணனையைக் கூட்டாதீர்கள். சண்டையைத் திரும்ப எழுதுங்கள்.