ஹெம்ப் விதை இட்லிப்பொடி: முதலில் சரியான விதையை வாங்குங்கள்

எங்கள் வீட்டில் மீன், முட்டை கிடையாது. அப்பாவுக்குப் புரதம் போதவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் ஹெம்ப் விதையைத் தேட ஆரம்பித்தேன். தோல் நீக்கிய விதை மூன்று மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம் எடுத்தால் ஏறக்குறைய 9 கிராம் புரதம் கிடைக்கும். இப்போது நாலு மாதமாகப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு இட்லிப்பொடியில் அது இருக்கிறது.

வாங்குவது

எனக்குத் தப்பு நேர்ந்தது இங்கேதான். ஹெம்ப் என்றால் சணல் என்று எங்கோ படித்துவிட்டு, விதைக்கடையில் போய்ச் சணல் விதை கேட்டேன். அண்ணாச்சி அரைக் கிலோ கட்டிக் கொடுத்தார். அவர் மேல் பிழை இல்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தார். வாணலி சூடாகும் நேரத்தில் அம்மா ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, “ஏல, இது வயலுக்குப் போடுறதுல்லா? இதையா திங்கப் போற?” என்றாள்.

அது சணப்பு. தாமிரபரணிப் பாசன வயல்களில் நடவுக்கு முன் விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுகிற பசுந்தாள் உரப் பயிர். அவரைக் குடும்பத்துச் செடி. அதன் விதையில் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உண்டு, ஆகவே ஒரு கரண்டிகூட வாயில் போடக் கூடாது. போதாததற்கு, விதைப்புக்கு விற்கிற விதையில் பூஞ்சணக்கொல்லி மருந்தும் கலந்திருக்கலாம்.

நாம் தேடுகிற ஹெம்ப் விதை கஞ்சாச் செடியின் விதை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். போதை தரும் டிஎச்சி என்ற பொருள் பூவிலும் இலையிலும் சுரக்கும் பிசினில்தான் இருக்கிறது. விதைக்குள் அது சுரப்பதில்லை. அறுவடையின்போது தோலில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஹெம்ப் விதை, அதன் எண்ணெய், மாவு மூன்றையும் உணவாக ஏற்றது. விதையில் டிஎச்சி கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் வைத்தது. உத்தராகண்ட் மலைக்காரர்கள் இதே விதையை வறுத்து, உப்பு, மிளகாய், எலுமிச்சை சேர்த்துச் சட்னி அரைக்கிறார்கள்.

அடையாளம்: சணப்பு விதை கருமையாக, ஒரு பக்கம் குழிந்து அவரை விதை மாதிரி இருக்கும். ஹெம்ப் விதை உருண்டு, சாம்பல் கலந்த பழுப்பில், மேலே வலைபோல வரி ஓடும். தோல் நீக்கியது வெள்ளையும் இளம்பச்சையுமாக, நகத்தால் அழுத்தினால் நசுங்கும். ஆனாலும் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். சில்லறையாக அளந்து வாங்கவே வேண்டாம். மூடி முத்திரையிட்ட பாக்கெட்டில் ‘கன்னாபிஸ் சட்டைவா’ (Cannabis sativa) என்ற தாவரப் பெயர், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நான் தோல் நீக்கியதைத்தான் சொல்வேன். தோலோடு ஒட்டியதும் போய்விடும், பெரியவர்கள் பல்லுக்கும் சுகம்.

அளவு

முதல் வாரம் ஒரு தேக்கரண்டி போதும். இதில் கிட்டத்தட்ட பாதி கொழுப்புதான், திடீரென்று நிறையச் சாப்பிட்டால் வயிறு இளகும். பழகிய பிறகு நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி. நாக்கு அரித்தாலோ தடிப்பு வந்தாலோ உடனே நிறுத்துங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

பொடி

அரைக் கப் உளுந்து, கால் கப் எள், பத்து மிளகாய் வற்றல், பெருங்காயம். தனித்தனியாக வறுத்து, நன்றாக ஆறியதும் உப்புச் சேர்த்து அரையுங்கள். ஹெம்ப் விதை அரைக் கப், வறுக்காமல், கடைசியில். மிக்ஸியை ஓடவிட்டால் எண்ணெய் கக்கிச் சாந்தாகிவிடும், இரண்டு தடவை விட்டுவிட்டுச் சுற்றினால் போதும். உரல் இருந்தால் அதில் இடியுங்கள், அந்தப் பதம் மிக்ஸியில் வராது. குழைத்துக்கொள்ள நல்லெண்ணெய்தான். ஹெம்ப் எண்ணெய் சூடு தாங்காது, தாளிக்க எடுக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலில் இந்தப் பொடி அலமாரியில் நிற்காது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

பிற்சேர்க்கை

மாடித் தோட்டத்தில் விதைத்துப் பார்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கூடவே கூடாது. உரிமம் இல்லாமல் அந்தச் செடியை வளர்ப்பது 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம்.

தம்பி துபாயில் இருக்கிறான், பொடி கொடுத்துவிடலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா. அங்கே போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமை. கப்பல் வேலைக்குப் போகிறவர்களும், வேலையில் போதைப் பரிசோதனை உள்ளவர்களும் இதைத் தவிர்ப்பதே நல்லது. தம்பிக்கு ஹெம்ப் சேர்க்காமல் எள்ளுப்பொடியாகவே இடித்துக் கொடுத்துவிடுங்கள்.