குறட்டைக்குப் பல் டாக்டரிடம் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டாவில் குறட்டையை நோய்க் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. வயலில் நின்று களைத்தவர், அசந்து தூங்குகிறார் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். பகலில் கண் செருகினால் ‘உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு’ என்று ஒரு பழமொழி இருக்கிறது. நாலு மணிக்கு ஒரு டிகிரி காபி உள்ளே போனால் அதுவும் தெளிந்துவிடும். கடைசியில், பக்கத்தில் படுப்பவருக்குத் தூக்கம் போய் வீட்டில் சண்டை வந்த பிறகுதான் குறட்டைக்கு வைத்தியம் தேடுகிறார்கள். தேடும்போதும் சத்தத்தை நிறுத்தவே தேடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும், நாக்கு பின்னால் சரியும். குறுகிய வழியில் காற்று போகும்போது மெல்லிய சதை அதிர்வதுதான் குறட்டை. சிலருக்குக் கரை இளகிய வாய்க்கால் போல அந்த வழி சரிந்து அடைத்தே போகிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று, மூளை உலுக்கி எழுப்பியதும் பெரிய இழுப்போடு திரும்ப வருகிறது. தூங்குகிறவருக்கு இது தெரியாது. இப்படி மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு எத்தனை தடவை என்று எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. கவனிக்காமல் விட்டால் மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் என்று ஆபத்து கூடும். அறுவடை நேரத்தில் விடிய விடிய நெல் லாரி ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங்கிலேயே கண் மூடிவிடும் ஆபத்தும் உண்டு.

குறட்டைக்குப் பல் டாக்டர் தருவது தூங்கும்போது வாயில் மாட்டும் ஒரு கருவி. பரிசோதனை செய்யாமல் அதை வாங்குவதை முதலில் தவிர்க்க வேண்டும். வெறும் குறட்டையா, மூச்சு நிற்கிறதா என்பதைச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. தூங்கும்போது மூச்சை அளந்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி செய்துதான் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் ஓர் இரவு தங்கிச் செய்யலாம். பலருக்கு மூக்கில் குழாய், மார்பில் பட்டை, விரலில் ஆக்ஸிஜன் கிளிப் என்று ஒரு சிறு கருவியோடு வீட்டிலேயே செய்யலாம். பல் மருத்துவர் வாயைப் பார்த்துச் சந்தேகப்பட முடியும். தேய்ந்த பற்கள், ஓரத்தில் பல் தடம் பதிந்த நாக்கு, ஒடுங்கி உயர்ந்த அண்ணம், உள்வாங்கிய கீழ்த்தாடை எல்லாம் அவர் கண்ணில்தான் முதலில் படும். ஆனால் நோயை உறுதிசெய்வது நுரையீரல் மருத்துவரோ, காது மூக்கு தொண்டை மருத்துவரோ, தூக்க மருத்துவம் படித்தவரோதான். போன முதல் நாளே ரிப்போர்ட் எதுவும் கேட்காமல் அளவெடுக்க உட்கார வைத்தால், எழுந்து வந்துவிடலாம் என்பதே என் கருத்து. இந்தக் கருவியால் குறட்டை அடங்கி, மூச்சு மட்டும் நின்று நின்று வந்துகொண்டிருக்கலாம். எச்சரித்துக்கொண்டிருந்த சத்தமும் அப்போது இருக்காது.

மருத்துவரிடம் தனியாகப் போக வேண்டாம். “ராத்திரி மூச்சே நின்னு போவுதுங்க, நான்தான் உலுக்கி விடுறேன்” என்று வீட்டில் இருப்பவர் சொல்லும் ஒரு வரி, நோயாளி சொல்லும் பத்து வரியைவிட உதவும். போனில் ஒலிப்பதிவு செய்து கொண்டுபோனால் இன்னும் நல்லது.

அடுத்தது ஆன்லைனில் விற்கும் மலிவுக் கருவி. வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்தால் வாய்க்குத் தக்கபடி அச்சாகும் என்பார்கள். பல் மருத்துவர் செய்துதரும் கருவி வேறு. மேல் பல்லுக்கு ஒன்று, கீழ்ப் பல்லுக்கு ஒன்று என அளவெடுத்துச் செய்து, இரண்டையும் இணைத்துக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைப்பார்கள். தாடையோடு நாக்கும் முன்னே வருவதால் தொண்டை திறக்கிறது. எவ்வளவு இழுப்பது என்பதை ஒரே நாளில் முடிவு செய்வதில்லை. வாரக்கணக்கில், மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கூட்டிப் பார்ப்பார்கள். வெந்நீர்க் கருவியில் இப்படித் துல்லியமாகக் கூட்டிக் குறைக்க முடியாது, பாதித் தூக்கத்தில் கழன்றும் விழும். இரவில் பல் கடிப்பவர்களுக்குத் தரும் நைட் கார்டையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பல் தேயாமல் காக்கத்தான். மேல் பல்லில் மட்டும் மாட்டும் நைட் கார்டு சிலருக்கு மூச்சுத் தடையை அதிகமாக்கவும் கூடும். வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கும் வீடியோக்களைப் பற்றி ஒன்றே ஒன்று: மூக்கும் அடைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு ஒட்டுங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கும்பகோணம் கொழுந்து வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, பெருமைதான். ஆனால் வெற்றிலையோடு சேர்ந்து போகும் சீவலுக்கு வாயின் உள்சதையை இறுக்கும் குணம் உண்டு. ஆண்டுக்கணக்கில் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார் நாராகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். காரம் பட்டால் எரியும். உங்கள் மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் குறட்டைக் கருவியை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் அதைக் காட்ட வேண்டும். அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. கருவி செய்யவும் அளவெடுக்கும் தட்டு வாய்க்குள் போக வேண்டும், தாடை முன்னே நகர வேண்டும். இறுகிய வாயில் இரண்டும் கஷ்டம். சீவல் போடுவதைப் பல் டாக்டரிடம் மறைப்பதும் வீண், வாயைத் திறந்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும்.

பல் வலித்தால் பிடுங்கி எறி என்கிற வழக்கமும் இங்கே இடைஞ்சல். கருவிக்குப் பிடிமானமே பற்கள்தான். மேலும் கீழும் போதுமான பற்கள் ஆட்டமில்லாமல் இருக்க வேண்டும். ஈறு நோயில் ஆடும் பல்லின் மேல் இரவெல்லாம் இழுவை கொடுத்தால் அந்தப் பல்லும் போய்விடும். எனவே ஈறு சிகிச்சை, சொத்தை அடைப்பு, கேப் போடுவது எல்லாவற்றையும் முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். கருவி செய்த பிறகு புதுக் கேப் போட்டால் கருவி உட்காராமல் போகலாம். பல்லே இல்லாதவர்களுக்கு நாக்கை மட்டும் முன்னே இழுத்துப் பிடிக்கும் வேறு வகைக் கருவி உண்டு, பலருக்கு அது பழகுவதில்லை.

சி-பேப் மெஷினைப் பார்த்துப் பயந்து பல் கருவிக்குத் தாவுவதும் தவறு. மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் இந்த முறையை ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-இல் வெளியிட்டார். கடுமையான நோய்க்கு இன்றும் அதுதான் முதல் சிகிச்சை, மூச்சுத் தடையைக் குறைப்பதில் பல் கருவி அதற்கு ஈடில்லை. ஆனால் மெஷின் ராத்திரி முழுக்க முகத்தில் இருந்தால்தானே பலன்? மாஸ்க் ஒத்துக்கொள்ளாமல் பெட்டியில் மூடி வைத்தவருக்கு, தினமும் மாட்டக்கூடிய பல் கருவி எவ்வளவோ மேல். கரண்ட் பிரச்சினையும் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கக் கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அப்படிப்பட்ட ஊர்க்காரர் பேட்டரியைப் பற்றியும் மாற்றாக ஒரு பல் கருவியைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டு வைக்கலாம். மூளையே மூச்சுக்கு உத்தரவு தராமல் விடும் இன்னொரு வகை நோய்க்குப் பல் கருவி உதவாது.

குழந்தை குறட்டை விட்டால், வாய் திறந்து தூங்கினால், பெரிய பிள்ளையாகியும் படுக்கையை நனைத்தால் முதலில் டான்சிலையும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் காட்டுங்கள். பெரியவர்களின் கருவி வளரும் தாடைக்கு ஆகாது.

கருவி வந்ததும் தொடக்கத்தில் எச்சில் ஊறும், அல்லது வாய் உலரும். காலையில் தாடை வலிக்கும், பல் சரியாகக் கூடாதது போலிருக்கும். இது பெரும்பாலும் சிறிது நேரத்தில் சரியாகிவிடும், அதற்கான தாடைப் பயிற்சியை மருத்துவர் சொல்லித்தருவார். இரண்டு நாள் வலித்தது என்று அலமாரியில் போட்டுவிடுவது ஒரு தவறு என்றால், வலியே இல்லை என்று மருத்துவர் பக்கமே போகாமல் இருப்பது இன்னொன்று. ஆண்டுக்கணக்கில் போடும்போது பற்களின் கடி கொஞ்சம் கொஞ்சமாக மாறலாம், உங்களுக்கே தெரியாது. கொதிநீரில் கழுவினால் கருவி வளையும். ராத்திரி மதுவோ தூக்க மாத்திரையோ போட்டால் தொண்டை இன்னும் தளர்ந்து, மாட்டியும் பயனில்லாமல் போகலாம்.

கருவி பழகி, இழுவை சரியாக அமைந்ததும் மறுபடி ஒரு ஸ்லீப் ஸ்டடி செய்ய வேண்டும். குறட்டை போய்விட்டதே, எதற்கு வீண் செலவு என்று பலரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். மணிக்கு 28 ஆக இருந்தது 20-க்கு வந்திருந்தாலும் வீடு அமைதியாகத்தான் இருக்கும். கருவியை வாயில் மாட்டிக்கொண்டே படுத்துப் பரிசோதியுங்கள். எண் இறங்கவில்லை என்றால் தாடையை இன்னும் நகர்த்துவதா, மெஷினுக்குப் போவதா என்று இரண்டு மருத்துவர்களும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். பிறகு உடம்பு எடை கூடினால் திரும்பவும் ஒரு தடவை.