கேமரா இல்லாமல் மழையைத் தாளில் பதிக்கும் முறை

ஒளிப்படம் என்றாலே ஒரு காட்சியைப் பிடித்து வைப்பது என்று பழகிவிட்டோம். இந்த முறையில் கேமராவும் இல்லை, காட்சியும் இல்லை. மழை தாளைத் தொட்ட தடம் மட்டுமே மிஞ்சுகிறது. அடிப்படை, 1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப், அதாவது இரும்பு உப்புகளைப் பூசிய தாளில் ஒளியால் நீல நிறப் பதிவு எடுக்கும் முறை. அடுத்த ஆண்டே ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாள்மேல் நேரடியாக வைத்து எடுத்த பதிவுகளை வெளியிடத் தொடங்கினார்.

100 மி.லி. நீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டையும், வேறொரு 100 மி.லி. நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடையும் கரைத்துத் தனித்தனிப் பழுப்புக் குப்பிகளில் வைக்கவும். கையுறை கட்டாயம், ஃபெரிசயனைடைச் சூடாக்கவோ அடர் அமிலத்தின் அருகில் வைக்கவோ கூடாது. பூசும்போது சம அளவில் கலந்து, மங்கிய மஞ்சள் விளக்கில் பூசி, இருட்டில் உலர்த்தவும். உலோகப் பட்டையுள்ள தூரிகையைவிட நுரைத் தூரிகையையே நான் விரும்புகிறேன். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த பருத்தித் தாளாக இருக்கட்டும், நனைந்தாலும் கிழியாது.

நான் தடுமாறியது அடுத்த கட்டத்தில்தான். உலர்ந்த தாளை நேராகக் கனமழையில் வைத்தேன். வெளிச்சம் வேலை செய்வதற்குள் பூச்சு முழுவதும் மஞ்சள் நீராக ஓடிவிட, வெள்ளைத் தாள்தான் மிஞ்சியது. புறஊதா ஒளி பட்டு இரும்பு உப்பு மாறிய பிறகே தண்ணீரில் கரையாத பிரஷ்யன் நீலம் என்ற நிறமி உருவாகும் என்பதால், மழைக்கு முன் தாளைத் திறந்த வெளியில் வைத்து, மஞ்சள் கலந்த பச்சை சாம்பல் நீலமாகத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் தூறல் போதும். தாளைச் சற்றே சாய்த்து வைத்தால் துளிகள் தேங்காமல் வழிந்தோடும். அப்போது ஒவ்வொரு துளியும், நடுவில் வெளுத்து விளிம்பில் அடர்ந்த நீல வளையமாக நிற்பதைக் காணலாம். மேகமூட்டத்தில் வெளிச்சம் தாளில் வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.

பின்னர் மஞ்சள் நிறம் முற்றிலும் போகும்வரை தண்ணீரில் அலசி உலர்த்தவும். நீலம் முழுமையாக அடர்வதற்கு ஒரு நாள் ஆகும்.

பிற்சேர்க்கை: செய்து பார்த்த சிலர், அலசும்போதே நீலம் மங்குவதாக எழுதியிருந்தார்கள். கால்சியம் கார்பனேட் சேர்த்த தாளும் காரத்தன்மையுள்ள தண்ணீரும் பிரஷ்யன் நீலத்தை வெளுக்கச் செய்யும். காரம் சேர்க்காத தாளை வாங்குங்கள். முதல் அலசும் நீரில் சிறிது வினிகர் சேருங்கள். ஏற்கெனவே மங்கிய தாளில் துளித் தடங்கள் தெரிந்தால் அதை எறிய வேண்டாம். அதன் மேலேயே மறுபடி பூசி அடுத்த மழைக்கு வைக்கலாம்.