பிடித்த ஆல்பம் எதுவென்று வாதாடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஆல்பத்தை 'சுமார்தான்' என்று தள்ளிவிடுகிறவர்களில் பாதிப்பேர் அதன் பாடல்களைக் கேட்டிருப்பார்கள், ஆல்பத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் காரணம் ஷஃபிள்தான், அதாவது பாடல்களை வரிசை கலைத்து ஓட்டும் வசதி. ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' (2015) ஆல்பத்தில் ஒரு கவிதை ஓரிரு வரியாகத் தொடங்கும். இடையிடையே வந்து வரிகள் கூடிக்கொண்டே போகும். கடைசிப் பாட்டில்தான் அது முழுசாக ஒலிக்கும், அதைத் தொடர்ந்து மறைந்த ராப் பாடகர் டூபாக்கின் பழைய பேட்டிக் குரலோடு ஓர் உரையாடல். கலைத்துப் போட்டுக் கேட்பவருக்கு 'ஏன் சொன்னதையே சொல்கிறார்?' என்றுதான் தோன்றும். 2021 நவம்பரில் பாடகி அடெலின் '30' ஆல்பம் வெளிவந்தபோது, அவர் கேட்டுக்கொண்டதால் ஸ்பாட்டிஃபை செயலி ஆல்பம் பக்கத்தின் முதன்மைப் பொத்தானிலிருந்து ஷஃபிளை எடுத்தது. ஆனாலும் ஷஃபிள் குறி எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்பாட்டிஃபையின் செட்டிங்ஸ் பக்கத்தில் கிராஸ்ஃபேட் என்று ஒன்று இருக்கும்: ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்து ஓட்டுவது, 12 விநாடி வரை வைக்கலாம். பியான்சேயின் 'ரெனசான்ஸ்' (2022) மாதிரி, ஒரு பாட்டு அடுத்ததற்குள் தாளம் தப்பாமல் நுழையும் ஆல்பத்தில் இது இருந்தால் இணைப்புகள் எல்லாம் குழம்பிப்போகும். பூஜ்யத்தில் வையுங்கள், பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாத கேப்லெஸ் மட்டும் போதும்.

அடுத்தது சத்த அளவு. இதில் விவரம் தெரிந்தவர்களே வழுக்கி விழுகிறார்கள். இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது 'தெளிவாக, கனமாக' இருப்பதாகக் காது நம்பிவிடும். அதைச் சமப்படுத்தத்தான் நார்மலைசேஷன். ஸ்பாட்டிஃபையின் வழக்கமான இலக்கு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்). ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவில் கூட்டும் அல்லது குறைக்கும், அதனால் மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்கும். ஷஃபிளிலோ பிளேலிஸ்ட்டிலோ பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாகச் சரிசெய்யும். கிசுகிசுப்பும் கூச்சலும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். பிறகு 'ஏற்ற இறக்கமே இல்லை' என்று கலைஞரைக் குறை சொன்னால் எப்படி?

ஏற்ற இறக்கம் உண்மையிலேயே நசுக்கப்பட்டு, எல்லாமே உரக்க ஒலிக்கும் பதிவுகளும் உண்டு. மெட்டாலிகா ராக் குழுவின் 'டெத் மேக்னெடிக்' (2008) அப்படித்தான் பேர் வாங்கியது. கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டில் வந்த அதே பாடல்கள் அவ்வளவு நசுங்காமல் இருந்ததால் ரசிகர்கள் வித்தியாசத்தைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். பாட்டு பிடிக்கவில்லையா, மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் மொத்த ஒலியையும் கடைசியாகச் சீராக்கும் வேலை) பிடிக்கவில்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள். குரலும் டிரம்ஸும் ஒன்றையொன்று அமுக்கினால் குறை மிக்ஸிங்கில், அதாவது குரலையும் கருவிகளையும் கலக்கும் கட்டத்தில். எல்லாமே ஒரே இரைச்சலாக முன்னால் வந்து நின்று, சிறிது நேரத்திலேயே காது களைத்தால் பெரும்பாலும் மாஸ்டரிங். சிம்பல் மட்டும் கரகரத்தால் முதலில் உங்கள் போனைச் சந்தேகப்படுங்கள். ஸ்பாட்டிஃபையில் 'நார்மல்' தரம் விநாடிக்கு 96 கிலோபிட் (கே.பி.பி.எஸ்.)தான், 'வெரி ஹை' 320. ஆட்டோமேட்டிக்கில் விட்டால் சிக்னல் குறையும்போது தரமும் இறங்கும்.

ஆப்பிள் மியூசிக்கில் வேறு சிக்கல். ஏர்பாட்ஸ் போட்டிருந்தால், சுற்றிலுமிருந்து ஒலி வருவதுபோலக் கேட்கவைக்கும் டால்பி அட்மாஸ் 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்கும்வரை அட்மாஸ் மிக்ஸ் இருக்கும் ஆல்பத்தில் அதுதான் ஓடும். ஸ்டீரியோவில் கேட்ட நண்பரோடு டிரம்ஸைப் பற்றி நீங்கள் மணிக்கணக்கில் வாதாடலாம், இருவரும் பேசுவது வேறு வேறு மிக்ஸைப் பற்றி.

எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் ஆண்டின் சிறந்த ஆல்பங்கள் என்று பட்டியல் போடுவதும் வீண். டெய்லர் ஸ்விஃப்டின் 'ரெட்' என்றால் 2012இல் வந்ததா, 2021இல் மறுபடி பாடிப் பதிவுசெய்த 30 பாட்டுப் பதிப்பா? டீலக்ஸ் பதிப்பில் வால்போல ஒட்டிய போனஸ் பாடல்களைச் சேர்த்துவிட்டு 'கடைசியில் தொய்கிறது' என்று எழுதுவது அநியாயம். கலைஞர் முடித்த இடம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

நம்மூர் சினிமா ஆல்பங்களில் கூடுதல் தொல்லை: வாரத்துக்கொன்றாக லிரிக் வீடியோ பார்த்தே பாதிப் பாடல்கள் மனதில் ஊறியிருக்கும். முழு ஆல்பமும் வந்தபின் வீடியோவை மூடிவிட்டு, ஆல்பத்தில் இருக்கும் வரிசைப்படி ஒருமுறை கேளுங்கள்.

எத்தனை முறை ஓடியது என்ற கணக்கை ரசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 30 விநாடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம், தூங்கும்போது ஓடினாலும் கணக்கில் ஏறும். டிசம்பரில் பட்டியல் போட்டால் நவம்பர் ஆல்பம் மேலே வந்து உட்காரும், பிப்ரவரியில் வந்தது மறந்துபோகும். வெளிவந்த மாதத்திலேயே இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மூன்று முறை முழுசாகக் கேட்டு, 'நான்காவது பாட்டு, 2:10, பேஸ் நின்றுவிடுகிறது' என்பதுபோல நேரத்தோடு குறித்து வையுங்கள். பட்டியல் போடும் வாரத்தில் பிப்ரவரி குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.