செம்மண் காட்டில் சுண்ணாம்பு இடும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் செம்மண் என்றாலே புளிப்பு (அமில) மண் என்று எண்ணி, அதைப் போக்கச் சுண்ணாம்பு மூட்டைகளை இறக்குவது பல நேரங்களில் வீண்செலவாகவே முடிகிறது. தளி, தேன்கனிக்கோட்டை மேட்டு நிலங்களில் மழைநீர் சுண்ணாம்புச் சத்தை அடிமண்ணுக்கு இறக்கிவிட்ட இடங்களிலும், ஆண்டுக்கணக்கில் அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் இட்டுவந்த காய்கறித் தோட்டங்களிலும் அமிலத்தன்மை ஏறியிருக்கலாம். உழும்போது கொழுவில் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டி) தட்டுகிற காட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

ஒரு பிடி மண்ணில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டவிட்டுப் பாருங்கள். நுரை பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது, மேற்கொண்டு இட வேண்டாம். நுரைக்கவில்லை என்பதால் மட்டும் அதை அமில மண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மண் ஆய்வுக்கூடம்தான் அதைச் சொல்ல வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, அதன் பக்கச்சுவரை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவி எடுத்த மண்ணை நிழலில் உலர்த்திக் கலந்து, அரைக் கிலோ அனுப்பினால் போதும்.

கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பயிருக்குக் கிட்டாது. ஆனால் இந்த ஓர் எண்ணை வைத்து அளவைக் கணக்கிட முடியாது. ஒரே எண் காட்டினாலும் மணற்பாங்கான மண்ணுக்குக் குறைவாகவும் களிமண்ணுக்குக் கூடுதலாகவும் தேவைப்படும் என்பதால், எவ்வளவு இட வேண்டும் என்று சொல்லும் 'சுண்ணாம்புத் தேவை'யையும் ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்குங்கள். அறிக்கை சுண்ணாம்புக்கல் தூளில் 1,000 கிலோ என்றால், நீற்றிய சுண்ணாம்பில் ஏறக்குறைய 740 கிலோ போதும். ஜிப்சம் அமிலத்தைப் போக்காது. கடைக்காரர் எதைச் சொன்னாலும் இதில் ஏமாற வேண்டாம்.

ஆடிப்பட்டத்துக்குக் கோடை உழவே சரியான தருணம். காற்றில்லாத காலையில், பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தூவி, அன்றே 15 செ.மீ. ஆழத்துக்கு உழுது கலந்துவிட வேண்டும். ஈரம் பட்டால்தான் அது வேலை செய்யும் என்பதால், விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்பே இட்டுவிடுங்கள். யூரியாவையோ டி.ஏ.பி.யையோ அதனுடன் கலந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். நீற்றிய சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் அரிக்கும், தூவுபவர் முகத்தில் துணி கட்டிக்கொள்ளட்டும்.

உருளைக்கிழங்கு போடுகிற காட்டில் மட்டும் கை தாராளம் கூடாது. சுண்ணாம்பு கூடினால் கிழங்கின் தோலில் சொறிநோய் ஏறும். அதனால் உருளைக்கு முன் இடுவதை விட்டு, அதை அறுவடை செய்த பின் அடுத்த பயிருக்கு இடுங்கள்.