நன்றாக அழ வைக்கும் படத்தை எப்படித் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது?

முதலில் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். இந்த வகைப் படங்கள் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும், நடுவில் ஒரு மெசேஜைப் பார்த்தால் அதுவரை சேர்ந்ததெல்லாம் போச்சு. படம் தேடும்போது எத்தனை பேர் சாகிறார்கள் என்று பார்க்காதீர்கள். பாத்திரங்கள் கதறுகிற படத்தைவிட, அழுகையை அடக்கிக்கொண்டு சாதாரணமாகப் பேசுகிற படம்தான் நம்மை உடைக்கும் (பின்னணி இசையைக் கொட்டி அழச் சொல்கிற படங்கள் எனக்கு எரிச்சல்தான்). முடிவு தெரிந்துவிட்டதே என்றும் யோசிக்க வேண்டாம். இசாவோ தகஹாதாவின் ஜப்பானிய அனிமேஷன் படம் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' (1988) அதன் நாயகனான சிறுவன் இறந்துவிடுவதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது, அது தெரிந்திருப்பதாலேயே அவனும் தங்கையும் சிரிக்கும் காட்சிகள்கூடத் தாங்க முடியாமல் போகின்றன. அவ்வளவு கனம் வேண்டாமா, சரி, பிக்சாரின் அனிமேஷன் படம் 'அப்' (2009) பாருங்கள், ஒரு தம்பதியின் மொத்த வாழ்க்கையையும் வசனமே இல்லாமல் சில நிமிடங்களில் சொல்லும் பகுதி ஆரம்பத்திலேயே வந்துவிடும், அப்புறம் சிரிக்கவும் வைப்பார்கள்.

"இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று கேட்கும் ஆளைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். அழுகை வந்தால் படத்தை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். மனசு ஏற்கெனவே நொறுங்கிக் கிடக்கும் நாளில் மட்டும் இதெல்லாம் வேண்டாம், ஏதாவது காமெடி போட்டுக்கொள்ளுங்கள்.