லேபர் வார்டில் துணைக்கு நிற்கப் போகிறீர்களா? மருந்தில்லாமல் வலியைக் குறைக்கும் செய்முறை

மகளுக்கோ தங்கைக்கோ மருமகளுக்கோ பிரசவத் துணையாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரசவ வார்டில் நர்ஸாகப் பல வருடம் நின்றவள் நான். துணைக்கு வருபவர்களில் பலர் செய்வது இரண்டு காரியம்தான். ஒன்று, ஓரமாக உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைப்பது. இன்னொன்று, "கத்தாதேடி, ஊர்ல வேற யாரும் புள்ள பெறலையா" என்று அதட்டுவது. இரண்டாலும் வலி துளிகூடக் குறையாது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே பிரசவத் துணைக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். 2016-ல் மத்திய அரசும் நாடு முழுக்க அதை அனுமதித்தது. வருபவர் முடிந்தவரை பிள்ளை பெற்ற பெண்ணாக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடையில் வர வேண்டும், கடைசிவரை கூடவே இருக்க வேண்டும் என்பவைதான் நிபந்தனைகள். விட்டுப் போகாத துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலியெடுக்கும் நேரமும் குறைகிறது என்று 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. தனியார் மருத்துவமனை என்றால் உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படி 1: ஒன்பதாம் மாதமே ஒத்திகை

வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்கு வந்ததும் தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கீழே வரும் மூச்சையும் கை அழுத்தத்தையும் இருவரும் சேர்ந்து செய்து பாருங்கள். அழுத்தத்தில் மட்டும் இப்போது மென்மை போதும். வலி வந்த பிறகு புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

படி 2: வலியைக் கணக்கெடுப்பது

சூட்டு வலியா, நிஜ வலியா என்று பார்க்க நம் வீடுகளில் சீரகக் கஷாயம் கொடுப்பார்கள். கொடுங்கள், தப்பில்லை. ஆனால் கடிகாரத்தையும் பாருங்கள். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும் வரை எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும், எழுந்து நடந்தால் அடங்கும். நிஜ வலியில் இடைவெளி குறைந்துகொண்டே போகும். தலைப் பிரசவமாக இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். இரண்டாவது பிரசவம் என்றாலோ, மருத்துவமனை தூரம் என்றாலோ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம்.

கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரங்களும் உண்டு: ரத்தப்போக்கு, பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வருவது, குழந்தையின் அசைவு குறைவது, கடும் தலைவலியோடு கண் மங்குவது, வலிப்பு, இடைவெளியே விடாமல் வயிறு கல்லாக இறுகி நிற்பது. பனிக்குடம் உடைந்துவிட்டால் வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். 37 வாரம் முடியாமல் வலி வந்தாலும் அப்படித்தான்.

படி 3: மல்லாந்து படுக்க விடாதீர்கள்

வலி வந்தாலே கட்டிலில் படுக்கவைப்பதுதான் நம் வழக்கம். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் கனம் முதுகுப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். நடக்கட்டும், சுவரில் கை ஊன்றிச் சாயட்டும், கட்டில் விளிம்பைப் பிடித்து இடுப்பை ஆட்டட்டும். களைத்தால் ஒருக்களித்துப் படுக்கலாம். முதுகு மட்டும் பிளக்கிறது என்றால், வீடு துடைப்பதுபோல் முட்டி போட்டுக் கையூன்றி நிற்கச் சொல்லுங்கள். பனிக்குடம் உடைந்திருந்தாலோ, ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தாலோ நடக்கலாமா என்று நர்ஸைக் கேட்ட பிறகே நடக்க வைக்க வேண்டும்.

படி 4: மூச்சு

மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும்: மூன்று எண்ணி இழுத்தால் ஐந்து எண்ணி விடுவது. எதிரே ஒரு விளக்கு எரிகிறது, அது அணையக் கூடாது, சுடர் ஆடினால் போதும் என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நீங்களும் கூடவே ஊதுங்கள். வாயால் "ஊது, ஊது" என்று விரட்டுவதைவிட அது வேலை செய்யும். விரல் நுனியும் உதடும் மரத்துப்போவதுபோல் இருக்கிறது என்றால் வேகமாக மூச்சு விடுகிறாள் என்று அர்த்தம். நிதானப்படுத்துங்கள்.

படி 5: கை அழுத்தம்

இதைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பிட்டப் பிளவுக்குச் சற்று மேலே, கை வைத்தால் தட்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். அவள் கட்டிலைப் பிடித்துக் குனிந்து நிற்கட்டும். நீங்கள் பின்னால் நின்று, உள்ளங்கையின் அடிப்பகுதியை அந்த எலும்பின் மேல் பதியுங்கள். வலி தொடங்கும்போது அழுத்த ஆரம்பித்து, உச்சத்தில் உங்கள் உடல் எடையையே சாய்த்து, இறங்கும்போது தளர்த்துங்கள். தேய்க்க வேண்டாம், ஒரே இடத்தில் அழுத்தினால் போதும். கையை மடக்காமல் நேராக வைத்தால் உங்களுக்கும் வலிக்காது. "இன்னும் கீழே", "இன்னும் அழுத்தமா" என்று அவளே சொல்வாள்.

ஒருமுறை, அதுவரை பேசாமல் நின்ற ஒரு மாமியாரிடம் இந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தேன். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை. மூன்றாவது வலியிலேயே மருமகள், "அத்தை, எடுத்துடாதீங்க" என்றாள். அவர் விடியும்வரை அசையவில்லை.

இன்னொரு முறையில், இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பின் இரு பக்கமும் வைத்து உள்நோக்கி நெருக்க வேண்டும். இதற்குத் தெம்பு வேண்டும். மருத்துவமனை அனுமதித்தால் கணவரிடம் விடலாம்.

எந்தக் காரணத்துக்காகவும் வயிற்றின் மேல் அழுத்தாதீர்கள், குழந்தையைக் கீழே தள்ளுகிறேன் என்று யார் சொன்னாலும் சரி. வலி சீக்கிரம் வரட்டும் என்று வீட்டில் விளக்கெண்ணெய் கொடுப்பதும் வேண்டாம்.

படி 6: வெந்நீர்ப் பை, தண்ணீர், வார்த்தை

வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, உங்கள் முன்கையின் உட்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு அவள் இடுப்பில் வையுங்கள். எபிடூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி) போட்டிருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும், காய்ச்சலும் ஏறும். அப்புறம், மருந்து வேண்டும் என்று அவள் கேட்டால் தடுக்காதீர்கள். இந்தச் செய்முறைக்கும் ஊசிக்கும் போட்டி எதுவும் இல்லை.

கஞ்சியோ இளநீரோ கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு இரண்டு மடக்காகக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வையுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும்.

பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். "இந்த வலி போயிடுச்சு பார்", அது போதும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சிசேரியன் கதை இங்கே வேண்டாம்.

படி 7: கையைத் தட்டிவிடும் நேரம்

கடைசிக் கட்டத்தில், கர்ப்பப்பை வாய் முழுமையாகத் திறப்பதற்குச் சற்று முன், பலர் நடுங்குவார்கள், வாந்தி எடுப்பார்கள், "என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணிடுங்க" என்பார்கள். இவ்வளவு நேரம் இதமாக இருந்த உங்கள் கையைத் தட்டிவிடுவார்கள். கோபித்துக்கொள்ளாமல் கையை எடுத்துவிட்டு, அவள் கண்ணில் படும்படி நில்லுங்கள்.

அப்போது "மோஷன் வர்ற மாதிரி இருக்கு" என்று சொன்னால், பாத்ரூமுக்குக் கூட்டிப்போகாதீர்கள். குழந்தையின் தலை அழுத்துவது அப்படித்தான் தெரியும். முக்க விடாமல், நாக்கு தொங்கும் நாய்போல் சின்னச் சின்னதாக மூச்சு விடச் சொல்லிவிட்டு, நர்ஸைக் கூப்பிடுங்கள். அவர் வந்ததும் நீங்கள் தலைமாட்டுப் பக்கம் நகர்ந்துவிடலாம்.